சொன்னதை நம்பும் பிரிண்டர்

பழைய லேசர் பிரிண்டர் ஒன்றின் பின்புறத்தில் லேன் கேபிளைச் செருகி, மறுமுனையை வீட்டு ரவுட்டரில் மாட்டினால் முதலில் பிறப்பது ஒரு கேள்வி. அந்த நேரத்தில் பிரிண்டருக்குத் தன்னைப் பற்றித் தெரிந்தது மிகக் குறைவு. நெட்வொர்க் கார்டில் தொழிற்சாலையிலேயே பதித்த 12 இலக்க அடையாள எண் தெரியும், அவ்வளவுதான். எந்த வீட்டுக்கு வந்திருக்கிறது, கம்பியின் மறுபக்கம் யார் யார் இருக்கிறார்கள், தன்னை எந்த முகவரியில் அழைப்பார்கள் என்பதெல்லாம் தெரியாது. ஆகவே கேட்கும் தூரத்தில் இருக்கும் எல்லோருக்கும் பொதுவாக, முகவரி கொடுப்பவர் யாராவது உண்டா என்று குரல் கொடுக்கிறது. ரவுட்டர் பதில் சொல்கிறது. பிரிண்டர் நம்புகிறது.

பதில் சொன்னது அந்த வீட்டு ரவுட்டர்தானா என்று அது சரிபார்ப்பதில்லை. சரிபார்க்க அதற்கு வழியும் கிடையாது.

பிறர் சொல்லைக் கேட்டுத் தெரிந்துகொள்வது அறிவுதானா, அல்லது வெறும் நம்பிக்கையா? இந்திய மெய்யியல் மரபுகள் நூற்றாண்டுக்கணக்கில் சண்டையிட்ட கேள்வி இது. கண்ணால் காண்பது காட்சி. கண்டதை வைத்துக் காணாததை ஊகிப்பது கருதல். நம்பத்தக்கவர் வாய்மொழி உரை. அறிவுக்கு வழியான இவற்றை அளவைகள் என்றார்கள். முதல் இரண்டையும் பெரும்பாலோர் ஒப்புக்கொண்டார்கள்; உலகாயதர் கருதலைக்கூட ஏற்கத் தயங்கினார்கள். உரையிடம் வந்ததும் சபை பிளந்தது. வேதமும் ஆகமமும் புத்தரின் சொல்லும் நிற்பதோ விழுவதோ இந்த ஒரு கேள்விக்குக் கிடைக்கும் விடையைப் பொறுத்தது என்பதால், யாரும் விட்டுக்கொடுக்கத் தயாராக இல்லை.

இது மடாலயத்துப் பண்டிதர்களின் கவலை என்று தள்ளிவிடவும் முடியாது. தன் பிறந்த நாளை யாரும் தானே பார்த்து அறிந்ததில்லை. பெற்றவர் சொன்னார்கள், பதிவேட்டில் எழுதியிருந்தது. அதை நம்பித்தான் ஆயுள் முழுக்கப் படிவங்களில் நிரப்புகிறோம். உரையை எடுத்துவிட்டால் ஒரு மனிதரின் அறிவில் மிஞ்சுவது கைப்பிடி அளவு.

பிரிண்டருக்குத் திரும்பினால், 1997இல் வந்த எச்.பி. லேசர்ஜெட் 4000 வரிசையை எடுத்துக்கொள்ளலாம். பலமான உடம்பு, பாகங்கள் தேய்ந்தால் மாற்றிக்கொண்டு ஓடக்கூடியது. பின்னால் ஜெட்டைரக்ட் என்ற நெட்வொர்க் கார்டு செருகிய பிரிண்டர் என்றால் கேபிள் நுழையும் சதுரத் துளை இருக்கும். முன்பக்கப் பொத்தான்களை அழுத்தி மெனுவுக்குள் போய், பிரிண்டரின் அமைப்பு விவரங்களை அச்சிடச் சொன்னால் தாள்கள் வரும். அவற்றில் ஒன்று கார்டைப் பற்றியது. அடையாள எண், ஐ.பி. முகவரி, கார்டு எந்த நிலையில் இருக்கிறது என்பதெல்லாம் அதில் இருக்கும். ரவுட்டரோடு மல்லுக்கட்டத் தொடங்கும் முன் இந்தத் தாளை எடுத்து வைத்துக்கொள்பவர் பாதி வேலையை முடித்துவிட்டார். முகவரிக்கு நேராக 192.0.0.192 என்று இருந்தால், அந்தக் காலத்து ஜெட்டைரக்ட் கார்டு யாரிடமும் பதில் கிடைக்காமல் தானே வைத்துக்கொண்ட எண் அது. கேட்டது, காத்திருந்தது, யாரும் பேசவில்லை என்பதற்கான அத்தாட்சி.

முகவரி கேட்பதற்கும் முன்னால் கம்பியில் இன்னொன்று நடந்து முடிந்திருக்கும். 1990இல் வகுத்த, நொடிக்குப் பத்து மெகாபிட் வேகத்து 10பேஸ்-டி ஈதர்நெட் முறைப்படி, பேச எதுவும் இல்லாத நேரத்திலும் ஏறத்தாழ 16 மில்லி செகண்டுக்கு ஒரு முறை ஒரு சிறு மின்துடிப்பை அனுப்பிக்கொண்டே இருக்க வேண்டும். இருக்கிறேன் என்பதற்கு மேல் அதில் செய்தி கிடையாது. ரவுட்டரோ நொடிக்கு ஒரு ஜிகாபிட் வேகத்தில் பேசப் பழகியது. ஆனாலும் 1995இல் நொடிக்கு 100 மெகாபிட் ஈதர்நெட்டை வகுத்தவர்கள் பழையவற்றை மறக்கவில்லை. எதிர்முனையிலிருந்து பழைய துடிப்பு மட்டும் வந்தால், அது பத்து மெகாபிட்காரர் என்று புரிந்துகொண்டு புதியது இறங்கிவர வேண்டும் என்று விதி வைத்தார்கள். காது மந்தமான பாட்டியிடம் பேத்தி நிறுத்தி நிதானமாகப் பேசுவதைப் போல, ரவுட்டர் தன் வேகத்தைக் குறைத்துக்கொள்கிறது. துளையருகே பச்சை விளக்கு எரிகிறது. (2.5 ஜிகாபிட், 10 ஜிகாபிட் போர்ட் உள்ள புதுக் கருவிகளில் சில பத்து மெகாபிட்டை அடியோடு கைவிட்டுவிட்டன. அப்படிப்பட்ட இடத்தில் நடுவே ஒரு பழைய சுவிட்சை வைத்தால் இரண்டுக்கும் பேச்சு நடக்கும்.)

விளக்கு எரிந்த பிறகு வருவதுதான் முகவரிப் பேச்சு. அதன் பெயர் டி.ஹெச்.சி.பி.; இன்று புழங்கும் அடிப்படை வடிவம் 1997இல் எழுதியது. கேள்வி, முன்மொழிவு, வேண்டுகோள், ஒப்புதல் என்று நான்கு வாக்கியங்களில் பேச்சு முடிந்துவிடும். இந்த ஏற்பாட்டில் பாதுகாப்பு மிகவும் குறைவு என்று அந்த ஆவணமே ஒளிக்காமல் ஒப்புக்கொள்கிறது. முகவரி கிடைத்த பின் எந்த முகவரி எந்தக் கருவியுடையது என்று விசாரித்துக்கொள்ளும் ஏ.ஆர்.பி. 1982இல் வந்தது. அதிலும் இதே கதைதான். இந்த முகவரி யாருடையது என்று கேட்டால், என்னுடையது என்று எவர் சொன்னாலும் அது உண்மை. கேட்காதபோதே ஒருவர் வந்து சொன்னாலும் பெரும்பாலான கருவிகள் குறித்துக்கொள்ளும்.

இவற்றை வகுத்தவர்களை அசட்டையானவர்கள் என்று சொல்வது நியாயமில்லை. அவர்கள் மனத்தில் இருந்தது ஒரே கட்டடத்தில் வேலை பார்க்கும், முகம் தெரிந்த மனிதர்களின் கம்பி. அங்கே ஒருவர் தன் பெயரைச் சொன்னால் நம்புவதுதான் முறை.

நியாய மரபு உரைக்குக் கொடுத்த இலக்கணம் சுருக்கமானது: நம்பத்தக்கவரின் வாய்மொழி. யார் நம்பத்தக்கவர்? பொருளை நேரே அறிந்தவர், அறிந்தபடியே சொல்ல விரும்புபவர். நியாய சூத்திரத்துக்கு உரை எழுதிய வாத்ஸ்யாயனர் இதற்குமேல் ஒரு படி போனார். இந்த இலக்கணம் முனிவருக்கும் ஆரியருக்கும் மிலேச்சருக்கும் ஒன்றேதான் என்றார். குலம், கோத்திரம், பாஷை எதுவும் கணக்கில் இல்லை. தெரிந்ததைத் தெரிந்தபடி சொல்பவர் எவரோ அவர் வாக்கு அளவையாகும். அந்தக் காலத்துக்கு இது எத்தனை துணிச்சலான வாக்கியம் என்பதை நிதானித்து எண்ணிப் பார்க்க வேண்டும்.

மீமாம்சகர்கள் வேறு பக்கத்திலிருந்து வந்தார்கள். எந்த அறிவும் பிறக்கும்போதே செல்லுபடியாகும் தகுதியோடுதான் பிறக்கிறது, பின்னால் மறுப்பு வந்தால் மட்டுமே தள்ளுபடியாகும் என்றார் குமாரிலர். சொல்லில் குற்றம் வருவது சொல்பவரின் குற்றத்தால். வேதத்துக்குச் சொன்னவர் என்று ஒருவர் இல்லை. எனவே அதில் குற்றம் புக வாசலே இல்லை. இதுதான் அவர்களுடைய வாதம். நியாயவாதிகளுக்கு இது ருசிக்கவில்லை. ஒரு அறிவு சரியா என்பது அதன்படி நடந்து பார்த்துப் பலன் கிடைத்த பிறகுதான் உறுதியாகும் என்றார்கள். தூரத்தில் தெரிவது தண்ணீரா கானலா என்பது போய்க் குடித்துத் தாகம் தீர்ந்தால் தெரியும். வேதத்தை நம்பலாம் என்பதற்கு அவர்கள் சொன்ன காரணமும் அதே ஜாதி: ஆயுர்வேதம் சொன்ன மருந்து நோயைத் தீர்க்கிறது, சொன்னவர் நம்பத்தக்கவர் என்பது அங்கே தெரிகிறது, அந்த நம்பிக்கையை இங்கேயும் வைக்கலாம்.

தமிழில் இந்த வழக்கு முழுவதையும் ஒரே இடத்தில் கேட்க வேண்டுமானால் மணிமேகலைக்குப் போக வேண்டும். வஞ்சி நகரில் பல சமயக் கணக்கர்களிடம் அந்தக் காப்பியத்தின் நாயகி கேள்வி கேட்கிறாள். முதலில் பேசும் அளவைவாதி, அளவைகள் வியாசருக்குப் பத்து, கிருதகோடிக்கு எட்டு, சைமினிக்கு ஆறு என்று எண்ணிக் காட்டுகிறான். எல்லோரையும் கேட்டு முடித்த பிறகு காஞ்சியில் பௌத்தத் துறவி அறவண அடிகள் சொல்வது வேறு: அளவைகள் இரண்டுதான், காட்சியும் கருதலும், மற்றவையெல்லாம் கருதலுக்குள் அடங்கும். அதாவது ஒருவர் சொன்னார் என்பது மட்டும் போதாது, அவர் சொல்லை ஏன் நம்பலாம் என்று ஊகித்து அறிய வேண்டும். பதின்மூன்றாம் நூற்றாண்டில் அருணந்தி சிவாசாரியார் சிவஞான சித்தியாரைத் தொடங்குவதும் அளவை விசாரணையோடுதான். அவர் கணக்கு மூன்று. உரைக்கு அங்கே தனி இடம் திரும்பக் கிடைத்தது.

பிரிண்டர் எந்தக் கட்சி? முகவரியை வாங்கும்போது அது சுத்தமான மீமாம்சகர்: மறுப்பு வராதவரை வந்த சொல் சரி. பிரிண்டரை இணைக்கும் மனிதர் நியாயவாதி. ரவுட்டரின் பட்டியலில் பெயர் வந்துவிட்டது, கம்ப்யூட்டரில் சேர்த்தாகிவிட்டது, எல்லாம் பச்சையாகத் தெரிகிறது. ஆனாலும் யாரும் அதோடு எழுந்துபோவதில்லை. ஒரு டெஸ்ட் பேஜ் அடித்துப் பார்க்கிறார்கள். உருளைகள் சுழன்று சூடான தாள் வெளியே வந்து விழுந்த பிறகே, முதலில் நம்பியது சரி என்று தீர்கிறது. வாத்ஸ்யாயனர் தன் உரையின் முதல் வாக்கியத்திலேயே சொன்ன சோதனை இது: நடந்து பார்த்துப் பலிப்பதால் அளவை பொருளுடையதாகிறது.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். டெஸ்ட் பேஜ் வருவதற்கு முன்னால் எத்தனை பேர் சொல்லை நம்பியாக வேண்டியிருக்கிறது! ரவுட்டர் கொடுத்த முகவரி, ஏ.ஆர்.பி. பதில், டிரைவரை எழுதியவர் வாக்கு, கேபிளின் எட்டுக் கம்பிகளையும் சரியான வரிசையில் கோத்தவரின் கை. சோதனை கடைசியில் வருகிறது. அதற்கு மேடை போட்டுக் கொடுத்தது முன்கூட்டிய நம்பிக்கை. நம்பாமல் தொடங்கியிருந்தால் சோதிக்கவே எதுவும் இருந்திருக்காது. நியாயமும் மீமாம்சையும் ஒன்றையொன்று தோற்கடித்ததாக வரலாறு எழுதுபவர்கள், ஒரே காரியத்தின் முதல் பாதியையும் இரண்டாம் பாதியையும் ஆளுக்கொன்றாகப் பிடித்துக்கொண்டிருந்ததைக் காணத் தவறுகிறார்கள்.

ஐரோப்பாவில் இதே வழக்கு பதினெட்டாம் நூற்றாண்டில் ஸ்காட்லாந்தில் நடந்தது. டேவிட் ஹ்யூம் 1748இல் அற்புதங்களைப் பற்றி எழுதும்போது, பிறர் சொல்லை நம்புவதற்கு ஒரே ஆதாரம் அனுபவம்தான் என்றார். சொன்னதும் நடந்ததும் இதுவரை எவ்வளவு ஒத்துப்போயின என்பதைப் பார்த்து அந்த அளவுக்கு நம்ப வேண்டும். அவர் காட்டும் உதாரணம் ஒரு இந்திய அரசர். குளிரில் தண்ணீர் உறைந்து கல்லாகும் என்று யாரோ சொல்ல, அரசர் நம்ப மறுத்தார். அவர் முறையாகத்தான் யோசித்தார் என்கிறார் ஹ்யூம். யோசித்தது முறைதான், ஆனால் பனிக்கட்டி இருக்கத்தான் செய்தது. தன் ஊர்ச் சூட்டை வைத்து உலகை அளந்த அந்த அரசர், வந்தவர் சொல்லை ஒரு நாழிகை நம்பிப் பார்த்திருந்தால் ஒரு உண்மையைக் கூடுதலாகப் பெற்றிருப்பார்.

தாமஸ் ரீட் 1764இல் ஹ்யூமுக்கு மறுமொழி எழுதினார். அவர் பாதிரியாராக இருந்து பேராசிரியரானவர். உண்மை பேசும் இயல்பையும் பிறர் சொல்லை நம்பும் இயல்பையும் கடவுள் மனிதரிடம் ஜோடியாக வைத்திருக்கிறார் என்பது அவர் வாதம். நம்பிக்கை அனுபவத்தின் விளைவு என்றால் குழந்தைகள்தான் உலகத்திலேயே பெரிய சந்தேகப் பிராணிகளாக இருக்க வேண்டும், நடப்பதோ நேர்மாறு. குழந்தை எல்லாவற்றையும் நம்பத் தொடங்கி, ஏமாந்து ஏமாந்துதான் வேலி போடக் கற்கிறது. இந்த விவாதம் இருபதாம் நூற்றாண்டில் மறுபடி உயிர்பெற்றது. பிமல் கிருஷ்ண மதிலாலும் அரிந்தம் சக்கரவர்த்தியும் தொகுத்து 1994இல் வந்த கட்டுரைத் தொகுப்பு, நியாயவாதிகளையும் ரீட்டின் வழிவந்தவர்களையும் ஒரே மேசையில் உட்கார வைத்தது. அன்றுவரை இரு தரப்பும் பெரும்பாலும் ஒருவரையொருவர் கேட்காமலே பேசிக்கொண்டிருந்தார்கள்.

ரீட் சொன்னது சரி என்பதற்குப் பழைய பிரிண்டர் நல்ல சாட்சி. அப்படி நம்புவதன் ஆபத்துக்கும் அதுவே சாட்சி.

ஜெட்டைரக்ட் வகைப் பிரிண்டர்கள் 9100 என்ற எண்ணுடைய போர்ட்டில், அதாவது நெட்வொர்க் வாசலில், காது கொடுத்துக் காத்திருக்கும். அங்கே வந்து எவர் எதைக் கொடுத்தாலும் அச்சடிக்கும். பெயர் கேட்பதில்லை, கடவுச்சொல் கேட்பதில்லை. 2016 மார்ச்சில் பிரின்ஸ்டன், மாசசூசெட்ஸ் ஆம்ஹர்ஸ்ட் உள்பட அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் பலவற்றில் பிரிண்டர்கள் தாமாகவே ஓடத் தொடங்கி, யூத வெறுப்புத் துண்டறிக்கைகளை அடித்துத் தள்ளின. இணையம் முழுவதற்கும் திறந்து கிடந்த 9100 வழியாக எங்கிருந்தோ ஒருவர் அனுப்பியவை அவை. தாளை எடுத்துப் பார்த்த யூத மாணவர்களின் மனம் அன்று என்ன பாடுபட்டிருக்கும்! 2018 நவம்பரில் இன்னொருவர் ஒரு யூட்யூப் சானலுக்கு விளம்பரமாகச் சுமார் 50,000 பிரிண்டர்களில் அச்சடித்ததாகச் சொல்லிக்கொண்டார். இடையில் 2017இல் ஜெர்மனியின் போகும் நகரிலுள்ள ரூர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 20 பிரிண்டர் மாடல்களைச் சோதித்தார்கள். ஏதேனும் ஒரு தாக்குதலுக்கு இடம் கொடுக்காத மாடல் ஒன்றுகூட இல்லை.

இணையத்தைக் கட்டியவர்களிடம் ஒரு மூத்தோர் சொல் உண்டு. ஜான் போஸ்டல் 1980இல் எழுதி வைத்தது: அனுப்பும்போது கண்டிப்பு, ஏற்கும்போது தாராளம். ஒன்றையொன்று அறியாத ஆயிரக்கணக்கான கருவிகள் பேசிப் பழகியதில் அந்தத் தாராளத்துக்குப் பெரிய பங்குண்டு. ஆனால் 2023இல் வந்த ஆர்.எஃப்.சி. 9413 என்ற இணைய ஆவணம் அந்தக் கொள்கையை மறுபடி எடைபோட்டது. பிழைகளைப் பொறுத்துப் பொறுத்து ஏற்றால் பிழையே நாளடைவில் வழக்கமாகிவிடும் என்று எச்சரித்தது. திருக்குறளில் தெரிந்துதெளிதல் அதிகாரம் கவலைப்படுவதும் இதே இரட்டைப் பள்ளத்தைப் பற்றித்தான். ஆராயாமல் நம்புவதும் நம்பியபின் ஐயப்படுவதும் இரண்டுமே ஓயாத துன்பம் என்கிறார் வள்ளுவர்.

அப்படியானால் குற்றம் யாருடையது? நம்பிய பிரிண்டருடையதா? வெளியிலிருந்து பொய் அனுப்பியவர் குற்றவாளி என்பதில் பேச்சே இல்லை. அதற்கு அடுத்த பொறுப்பு, எல்லோரையும் நம்பும் ஒன்றைத் தெருவில் கொண்டுபோய் வைத்தவருடையது. அறைக்குள் வைத்தால் அதே குணம் குணமாகவே இருக்கிறது. வீட்டு ரவுட்டர் கொடுக்கும் 192.168 என்று தொடங்கும் முகவரிகள் 1994இல் தனிப்பட்ட புழக்கத்துக்கென்று ஒதுக்கியவை. வெளி இணையத்துக்கு அவை தெரியாது. ரவுட்டரில் யாரும் வலிந்து வாசலைத் திறந்து விடாதவரை, வெளியார் குரல் பிரிண்டரின் காதில் விழாது. உள்ளே இருப்பவர் எல்லோரையும் நம்பு என்பதும், உள்ளே யார் வரலாம் என்பதை வேறொருவர் கவனித்துக்கொள்ளட்டும் என்பதும் சேர்ந்தால்தான் முழு ஏற்பாடு.

இதை மனிதருக்குப் பொருத்திப் பார்க்காமல் இருக்க முடியவில்லை. போலீஸ் என்றும் சி.பி.ஐ. என்றும் சொல்லிக்கொண்டு வீடியோ அழைப்பில் வந்து, டிஜிட்டல் கைது என்று மிரட்டி முதியவர்களின் சேமிப்பைப் பிடுங்கும் மோசடி நாடெங்கும் நடக்கிறது. ஏமாந்தவரைப் பார்த்து ஊர் முதலில் கேட்பது, இதைக்கூடவா நம்பினீர்கள் என்பது. அந்தக் கேள்வி கொடுமையானது. அதிகாரி என்று சொன்னவரை மதித்து நடந்தது ஒரு காலத்தில் நல்ல குடிமகனின் லட்சணம். அந்தக் குணத்தோடுதான் அவர்கள் ஆயுளை நேர்மையாகக் கழித்தார்கள். அவர்களைச் சுற்றி வேலி போட்டிருக்க வேண்டிய வங்கியும் தொலைபேசி நிறுவனமும் காவல்துறையும் வீட்டுப் பிள்ளைகளும் என்ன செய்துகொண்டிருந்தார்கள் என்பதுதான் முதலில் கேட்க வேண்டியது. நம்புகிறவருக்குச் சந்தேகப்படக் கற்றுக்கொடுத்தால் போதும் என்பவர்கள், எல்லோரையும் ஹ்யூமின் இந்திய அரசராக்கப் பார்க்கிறார்கள்.

பிரிண்டர் விஷயத்தில் வேலி போடுவது சிரமமே இல்லை. அமைப்புத் தாளில் உள்ள அடையாள எண்ணை ரவுட்டரின் பக்கத்தில் கொடுத்து, இந்த எண்ணுக்கு என்றும் இந்த முகவரிதான் என்று ஒதுக்கிவிடலாம். அதன்பின் மின்சாரம் போய் வந்தாலும் முகவரி மாறி, கம்ப்யூட்டர் பிரிண்டரைத் தேடித் திண்டாடாது. 9100ஐ வெளிப்பக்கம் திறந்து விடும் ஏற்பாடு ஏதேனும் ரவுட்டரில் இருந்தால் எடுத்துவிட வேண்டும். கருவிகள் தாமாகவே வாசல் திறந்துகொள்ள அனுமதிக்கும் யு.பி.என்.பி. வசதியையும் அணைத்துவிடலாம். பிரிண்டரின் நிர்வாகப் பக்கத்துக்கு ஒரு கடவுச்சொல் வைக்க இடமிருந்தால் வைக்கலாம்.

மிஞ்சும் சிக்கல் ஒன்று இருக்கிறது, அதை எந்த மெனுவும் தீர்க்காது. வீட்டுக்கு வரும் விருந்தாளி வைஃபை கேட்கிறார். வீட்டின் கடவுச்சொல்லைக் கொடுத்தால் அவருடைய போனும், அதில் ஒளிந்திருக்கக்கூடிய எதுவும், பிரிண்டர் நம்பும் வட்டத்துக்குள் வந்துவிடும். இன்றைய ரவுட்டர்கள் பலவற்றில் விருந்தினர் இணைப்பு தனியாக உண்டு. அதில் வருபவருக்கு இணையம் கிடைக்கும், வீட்டுக் கருவிகள் தெரியாது. மாதக்கணக்கில் தங்கும் மாமாவுக்கு எது, அரை மணி நேரம் வந்துபோகும் மெக்கானிக்குக்கு எது, தினமும் மாலையில் வந்து பாடம் படிக்கும் அடுத்த வீட்டுப் பெண்ணுக்கு எது என்பதை வீட்டார் உட்கார்ந்து பேசித்தான் முடிவு செய்ய வேண்டும். அடுத்த வீட்டுப் பெண்ணுக்கு நோட்ஸ் பிரிண்ட் எடுக்க வேண்டியிருக்கும்.